மேப்பிள் தெருப் பேய்க்கு ஏன் விளக்கம்?

டிஃபனி டி. ஜாக்சனின் 'வைட் ஸ்மோக்' என்ற இளையோர் நாவல் 2021இல் வந்தபோது, ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலும் ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' படமும் ஒன்றுசேர்ந்த கதை என்று பதிப்பகம் விளம்பரம் செய்தது. 'கெட் அவுட்' பெயரைச் சொன்னதில் நியாயம் உண்டு. ஹில் ஹவுஸை இழுத்ததுதான் பிழை. நாவல் எங்கே சறுக்குகிறது என்பதை அந்த ஒப்பீடே காட்டிக்கொடுக்கிறது.

நாவலின் பலம் அதன் ஊர். போதைப்பழக்கத்திலிருந்து மீண்டுவரும் மாரிகோல்ட் என்ற பதின்வயதுக் கறுப்பினப் பெண், புது வாழ்க்கை தேடிக் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவை விட்டு சீடர்வில் என்ற கற்பனை நகரத்துக்கு வருகிறாள். மேப்பிள் தெருவில் எரிந்தும் பாழடைந்தும் கிடக்கும் வீடுகள் டெட்ராய்ட்டை நினைவூட்டுகின்றன. கஞ்சா வழக்குகள் கறுப்பின மக்களைச் சிறைக்கு அனுப்ப, காலியான நிலத்தின் மீது ஓர் அறக்கட்டளை கண்வைக்கிறது. மாரிகோல்டுக்கு மூட்டைப்பூச்சி மீது தீராத பீதி. துணியில் ஒரு புள்ளி தெரிந்தாலே நிலைகுலைகிறாள். இவை அருமையாக எழுதப்பட்டவை.

ஆனால் பேய்?

கதவுகள் தாமாகத் திறக்கின்றன, பொருள்கள் காணாமல் போகின்றன, வீட்டுச் சிறுமி பைப்பர் கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியோடு பேசுகிறாள். கடைசியில், வீட்டுக்குள் உயிருள்ள மனிதர் ஒளிந்திருப்பது தெரியவருகிறது. எல்லாக் கேள்விக்கும் விடை கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதுவரை பயமாக இருந்ததெல்லாம் அந்தக் கணத்தில் துப்பறியும் தடயமாகச் சுருங்கிப்போகிறது. இதைவிடப் பெரிய இழப்பு மாரிகோல்டுடையது. வீட்டார் அவளை நம்பவில்லை. அவளுக்கே தன் கண்மீது நம்பிக்கையில்லை. போதையிலிருந்து மீள்பவர் நாள்தோறும் சுமக்கும் பாரம் இது. யாரும் அதற்குச் சான்றிதழ் தரமாட்டார்கள். நாவலோ கையும் களவுமாக ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்து, அவள் சொன்னது சரி என்று தீர்ப்பெழுதிவிடுகிறது.

ஹில் ஹவுஸின் எலினாரும் புது வாழ்க்கை தேடிப் போனவள்தான். 11 ஆண்டுகள் நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்து, தாய் இறந்த பிறகு, தனக்கும் அக்காவுக்கும் பொதுவான காரை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஹில் ஹவுஸ் மாளிகையின் சுவரில் அவள் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது வீடா, அவள் மனமா? 1959இல் வந்த அந்தப் புத்தகம் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இளையோர் நாவலுக்குத் தெளிவு வேண்டும், பேய் அங்கே சமூக அநீதியின் குறியீடு என்று ஆதரவாளர்கள் வாதிடலாம். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) இந்த வாதத்தை உடைத்துவிடுகிறது. 1856இல் தப்பியோடிய அடிமைப் பெண் மார்கரெட் கார்னரின் உண்மைக் கதையிலிருந்து பிறந்த நாவல் அது. அதில் பேய் பேயாகவே வருகிறது. மாரிசன் அதை நிரூபிக்கவும் இல்லை, விளக்கிக் கலைக்கவும் இல்லை. அதனால் அடிமைமுறையின் கொடுமை ஓர் இம்மிகூடக் குறையவில்லை. ஆண்டுக்கணக்கில் வீட்டுவாசலைத் தாண்டாத, நாயகியின் மகள் டென்வர், பேயின் பசி தாயைத் தின்றுகொண்டிருக்கும்போது, வேலை கேட்டுத் தெருவில் இறங்குகிறாள். இளம்பெண் ஒருத்தியின் புதுத் தொடக்கத்தை இதைவிடக் கூர்மையாக எழுதிய நாவல்கள் குறைவு. அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் இந்நாவல் பாடமாக இருக்கிறது. பதின்வயதினர் புதிரைத் தாங்கமாட்டார்கள் என்பது பெரியவர்களின் கற்பனை.

சீடர்வில்லின் அநீதியை நிறுவ அறக்கட்டளையே போதும். ஒளிந்திருக்கும் ஆள் தேவையே இல்லை. அவரைக் கொண்டுவந்ததால், அந்தத் தெருவில் சூறையாடப்பட்டவர்களின் கதை, குற்றவாளியைப் பிடிக்கும் பரபரப்புக்கு நடுவே நாலு வார்த்தையில் அவசரமாகச் சொல்லப்படுகிறது. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி வாசகர் மேலும் கேட்க நிமிரும்போது நாவல் சட்டென்று முடிந்துபோகிறது.