பழைய ஜீப்பும் புதிய கையும்

தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்ணிலும் பாறையிலும் வண்டி ஓட்டிப் பழக வேண்டும் என்ற ஆசை நம் ஊர் இளைஞர்களிடம் இப்போது பரவலாகத் தெரிகிறது. 2020-ல் மகிந்திரா புதிய தார் ஜீப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2023-ல் மாருதியின் ஜிம்னி வந்தது. இரண்டும் இந்த ஆசைக்குத் தூபம் போட்டன. புது வண்டியின் விலை கட்டுப்படியாகாதவர்களும், புது வண்டியைப் பாறையில் உரசவிட மனம் வராதவர்களும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: முதலில் ஒரு பழைய வண்டியை வாங்கிப் பழகுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வழக்கத்தில் நிறைய நியாயம் இருக்கிறது. அதே அளவுக்குப் பள்ளங்களும் இருக்கின்றன. வாங்குபவர் வண்டி எவ்வளவு ஏறும் என்று விசாரிக்கிறாரே தவிர, அதை இதுவரை யார், எப்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிப்பதில்லை. புதிதாகப் பழகுபவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நியாயங்களைப் பார்ப்போம். பழைய வண்டி பயத்தைக் குறைக்கிறது. கரடுமுரடான பாதையில் பழகும்போது பம்பர் இடிபடும், கதவில் கீறல் விழும், அடியில் கல் தட்டும். கடன் வாங்கி எடுத்த புது வண்டியாக இருந்தால் ஒவ்வொரு கீறலும் நெஞ்சில் விழும். அந்தப் பதற்றத்தில் கால் தேவையில்லாத இடத்தில் பிரேக்கை மிதிக்கும். ஏற்றத்தின் நடுவில் ஆக்சிலேட்டரை விட்டுவிடும். இழப்பைத் தாங்கக்கூடிய வண்டியில் உட்கார்ந்தவர் நிதானமாக ஓட்டுவார். முதல் உரிமையாளர் கையிலேயே விலையின் பெரும்பகுதி இறங்கிவிட்டதால், பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டமில்லாமல் விற்றுவிடலாம்.

அடுத்த நியாயம் இன்னும் ஆழமானது. எளிய வண்டி ஓட்டுநரைத் தேர்ந்தவராக்குகிறது. மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் வந்த அந்த வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் லீஃப் ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில், எடையோ ஏறக்குறைய ஒரு டன்தான். மேடுபள்ளத்தில் குறுக்காக ஏறும்போது மூலைக்கு மூலை இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கினால், சாதாரண டிஃபரன்ஷியல் பிடிமானம் இல்லாத சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும்; வண்டி நகராது. ஜிம்னியில் இதே நிலை வந்தால், சுழலும் சக்கரத்தை எலக்ட்ரானிக்ஸ் தானாகவே பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறுபக்கம் அனுப்பும். ஜிப்சிக்காரர் இறங்கிப் பார்க்க வேண்டும்: எந்தச் சக்கரம் எங்கே நிற்கிறது, எந்தக் கல்லை அடியில் வைக்கலாம், எந்தக் கோணத்தில் வந்திருந்தால் மாட்டியிருக்காது. இப்படித் தரையைப் படிக்கும் பழக்கம்தான் இந்தக் கலையின் அடிப்படை.

மூன்றாவது, பழுது பார்க்கும் வசதி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் பாறைப் பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய மகிந்திரா ஜீப்புகள்தான். அவை நாள்தோறும் அந்தப் பாதையில் ஏறி இறங்குகின்றன என்றால், அதற்குக் காரணம் எஞ்சின் சக்தி மட்டுமல்ல. உதிரி பாகம் பக்கத்து ஊரில் கிடைக்கும். சாதாரண ஸ்பேனர் செட்டோடு பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் அங்கேயே இருக்கிறார்.

இனி மறுபக்கம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பெரிய ஆபத்து, அதன் வரலாறு கண்ணுக்குத் தெரியாது என்பது. சாதாரணக் காரில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை வைத்து ஓரளவு கணிக்கலாம். இந்த வண்டிகளில் அந்தக் கணக்கு செல்லாது. நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டரைவிட, ஆற்றுநீரிலும் சேற்றிலும் ஓடிய இருபதாயிரம் கிலோமீட்டர் அதிகமாகத் தேய்த்துவிடும். இதோடு வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தையில் கலக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் வந்த வெள்ளத்திலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. இப்படி மூழ்கியதைக் கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி விற்றால் பார்வைக்குப் புதுசு போலத்தான் இருக்கும். வயரிங்கில் ஏறிய ஈரம் ஒரு வருடம் கழித்து, காட்டோரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில், தன் வேலையைக் காட்டும்.

இரண்டாவது ஆபத்து, அலங்காரம். விற்பனைக்கு வரும் ஜிப்சிகளிலும் பழைய தார்களிலும் கணிசமானவை உயரம் கூட்டப்பட்டு, பெரிய டயர் மாட்டப்பட்டு, இரும்பு பம்பரும் வரிசை விளக்குகளுமாக நிற்கின்றன. புதியவர் கண்ணுக்கு அது தயார்நிலையில் இருக்கும் வண்டியாகத் தெரிகிறது. அதற்காகக் கூடுதல் பணமும் கொடுக்கிறார். உண்மையில் அவர் வாங்குவது அடுத்தவரின் பரிசோதனையை. பெரிய டயர் கியர் விகிதத்தைக் கெடுக்கும், ஸ்பீடோமீட்டரைப் பொய் சொல்ல வைக்கும், ஆக்சில் முனைகளுக்குச் சுமையைக் கூட்டும். சட்டமும் இதற்கு எதிராகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. முன்பக்க இரும்புக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கை வைக்கும் இடமும் இந்த மாற்றங்கள்தான்.

மூன்றாவது, காகிதங்கள். தலைநகர் டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால் அந்தப் பக்கத்து டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. விலை ஆசை காட்டும். என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வரி கட்டி முடிக்கும்போது அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்தால் ஐந்தாண்டுகள்தான் கிடைக்கும். அதற்குத் தகுதிச் சோதனையில் வண்டி தேற வேண்டும்.

நான்காவது குறையை ஆர்வலர்கள் பேசுவதே இல்லை. ஜிப்சியிலும் முதல் தலைமுறை தாரிலும் ஏர்பேக் கிடையாது. மலைப்பாதையில் நாம் ஓட்டுவது இரண்டு மணி நேரம். அங்கே போய்ச் சேர நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆறு மணி நேரம். உயிருக்கு ஆபத்து அதிகம் உள்ள இடம் அந்த நெடுஞ்சாலைதான். 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் புதிய தார் நான்கு நட்சத்திரம் வாங்கியது. குடும்பத்தோடு பயணம் செய்பவர் இந்த வேறுபாட்டைச் சாதாரணமாக ஒதுக்கிவிடக் கூடாது.

இந்த நிறைகுறைகளை வைத்துச் சந்தையில் கிடைக்கும் வண்டிகளை எடைபோட்டுப் பார்க்கலாம். தனியாகவோ நண்பர் ஒருவரோடோ வார இறுதியில் மட்டும் பழகுபவருக்கு, மாற்றம் செய்யப்படாத ஜிப்சி இன்றும் மிகச் சிறந்த ஆசான். சொகுசை எதிர்பார்க்கக் கூடாது. 2010-ல் வந்த முதல் தார் டீசல் வண்டி; அதில் சி.ஆர்.டி.ஈ. எஞ்சின் உள்ளதையே தேட வேண்டும், உடலில் துரு இருக்கிறதா என்று துருவிப் பார்க்க வேண்டும். ஃபோர்ஸ் கூர்க்காவின் ஃபோர் வீல் டிரைவ் மாடலில் முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. திறமையில் குறையில்லை, ஆனால் சர்வீஸ் மையம் உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. மறைமலைநகரில் உருவான ஃபோர்டு எண்டெவர் வசதியான வண்டி. ஆனால் இரண்டு டன்னுக்கு மேல் எடை. சேற்றில் மாட்டினால் இழுக்க இன்னொரு பெரிய வண்டி வேண்டும். 2021-ல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் மாடலில், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. செம்மண் பாதைக்கும் மழைக்கால எஸ்டேட் சாலைக்கும் அது தாராளமாகப் போதும். பாறை ஏற்றத்துக்குப் போதாது.

இரண்டாம் தலைமுறை தாரில் ஓர் எச்சரிக்கை தேவை. 2023 ஜனவரி முதல் பின்சக்கரம் மட்டும் இயங்கும் தாரும் விற்பனையாகிறது. வெளியே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். உள்ளே கியருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எந்த மாடலானாலும் தீர்ப்பு சொல்லும் இடம் வண்டியின் அடிப்பக்கம்தான். கழுவிப் பளபளக்கும் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். சேஸிஸ் நீளத்துக்கும் டார்ச் அடித்து வெல்டிங் தழும்பையும், புதிதாகப் பூசிய கறுப்புப் பெயிண்டையும் தேடுங்கள். முன்சக்கரத்துக்குள் போகும் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் செலவு காத்திருக்கிறது. பிறகு டிஃபரன்ஷியலின் ஆயில் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். வடிகிற ஆயில் கருத்திருந்தால்கூடப் பாதகமில்லை. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அந்த வண்டியை ஆற்றில் இறக்கிவிட்டு ஆயில் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே வந்து கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்குங்கள், சீட் ரெயிலின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்த வண்டல் தட்டுப்பட்டால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பதை மண் தரையில் செய்ய வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சமாளிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாததால் பல்சக்கரங்கள் இறுகி முறுக்கிக்கொள்ளும். ஆகவே மண்ணில் நிறுத்தி ஹை ரேஞ்சுக்கும், பிறகு லோ ரேஞ்சுக்கும் மாற்றிப் பாருங்கள். லீவர் விழ மறுத்தாலோ, சுமை ஏறியதும் நழுவி வெளியே வந்தாலோ, இரண்டு ஆக்சில்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கோளாறு. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு ஒரு சரிவில் பிரேக்கைத் தொடாமல் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக வைக்க வேண்டும். முதல் செலவு எல்லா ஆயிலையும் மாற்றுவது. அடுத்தது தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே நல்ல டயர். அதன்பின் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர், இழுப்புப் பட்டை, சேஸிஸோடு இறுக்கிய கொக்கி. சாலையில் முப்பது பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டயர் காற்றை மணலில் பதினெட்டுக்கு இறக்கினாலே, புதைந்துபோகும் வண்டி மிதந்துபோகும். லட்ச ரூபாய் அலங்காரம் தராத பலனை இந்தச் செலவில்லாத வேலை தந்துவிடும்.

எங்கே ஓட்டுவது என்பதும் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம். காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது குற்றம். சென்னைக் கடற்கரை மணலில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன; ஏரிப் படுகைகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன. உரிமையாளர் சம்மதித்த தோட்டமோ, முறையாக நடத்தப்படும் பயிற்சிக் களமோ கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நேர்மை.

எனவே பழைய வண்டியில் தொடங்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன், நிபந்தனையோடு. முதல் வண்டி சந்தையிலேயே வலிமையானதாக இருக்க வேண்டியதில்லை. சர்வீஸ் ரசீதுகளோடு, கம்பெனி கொடுத்த வடிவத்திலேயே, உங்கள் ஊர் மெக்கானிக் நம்பிக்கையோடு பிரித்துப் பூட்டக்கூடியதாக இருந்தால் போதும். அப்படிப்பட்ட சாதாரண வண்டியின் எல்லையைத் தொடவே புதியவருக்கு ஓரிரு வருடங்கள் பிடிக்கும். அந்த எல்லையைத் தொட்ட பிறகு தனக்கு என்ன குறைகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் செலவழிக்கும் பணம் அடுத்தவரின் ஆசைக்குக் கட்டும் விலைதான்.