வேரில்லாத தோட்டங்கள்

விக்டோரியா காலச் சுவர்க்காகிதம் என்றதும் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸைப் புகழ்வதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஆங்கிலேயர் வீடுகளின் சுவரிலும் கட்டிலிலும் சோழமண்டலக் கரையின் சீட்டித்துணி பூத்திருந்தது. தங்கள் நெசவாளர்கள் கொதித்தெழுந்ததால் 1721இல் அதற்குத் தடை போடும் அளவுக்கு மோகம். அந்தத் துணியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் காகிதத் தோட்டத்தின் பலமும் குறையும் எனக்குப் பிடிபடுகின்றன.

பலம் பெரியது. மோரிஸுக்கு முந்தைய காகிதங்களில் நிழல் தீட்டிய ரோஜாக்கள் சுவரைவிட்டுப் புடைத்து நிற்கும். இந்திய அலங்காரம் தட்டையாக இருந்தே நிறைவு தருவதை வடிவமைப்பாளர் ஓவன் ஜோன்ஸ் 1856இல் தன் நூலில் எடுத்துக்காட்டினார். மோரிஸ் 1862இல் தன் வீட்டுத் தோட்டத்து ரோஜாப் பந்தலை வரைந்தபோது, சுவர் சுவராகவே இருந்தது; கொடியும் வளர்ந்தது. தண்டு போகும் வழியிலேயே நம் கண்ணும் போகிறது.

ஆனால் காகிதத்தில் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஆகவே கொடிக்கு வேரும் இல்லை, நுனியும் இல்லை. சீட்டியிலோ பாறைக்குன்றிலிருந்து ஒற்றை மரம் எழுந்து, கிளைவிட்டு, ஓரக்கரைக்குள் முடிகிறது. வளர்ச்சி என்பதை அதுவே முழுமையாகக் காட்டுகிறது என்பேன்.

நிறத்தில் குறை இன்னும் கடுமையானது. சீட்டியில் கடுக்காயும் படிகாரமும் சாயவேரின் சிவப்பை நூலுக்குள் பிணைத்தன. மஞ்சள் மட்டும் நிற்கவில்லை; பழைய துணிகளில் இலைகள் நீலமாகிக் கிடக்கின்றன. காகிதத்தின் நிறமோ மேற்பூச்சு. மோரிஸின் தொடக்ககாலப் பச்சையில் ஆர்சனிக் இருந்ததை 2003இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. ஆர்சனிக் எடுத்த டெவன் சுரங்க நிறுவனத்தில் 1875 வரை அவர் இயக்குநர். ஈரச்சுவரில் பூஞ்சை படர்ந்தால் அந்தப் பச்சை நச்சுவாயுவாகும். இடவப்பாதி மழையில் சுவர் வியர்க்கும் மூணாறு, தேவிகுளம் பக்கத்தவர்களுக்குப் பூஞ்சையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பச்சையைப் பற்றி மருத்துவர்கள் எச்சரித்தபோது மோரிஸ் அதை வீண்பீதி என்று ஒதுக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விலையும் உறுத்துகிறது. 1875இன் ‘அகாந்தஸ்’ காகிதத்துக்கு 30 மர அச்சுகள் வேண்டியிருந்தன. எல்லோருக்கும் அழகு வேண்டும் என்று பேசியவரின் கைவேலை வசதியானவர் வீட்டுக்கே போனது.

1881இல் தன் மெர்ட்டன் ஆலையில் மோரிஸ் அவுரித் தொட்டிக்குத் திரும்பினார். நீலத்தில் முக்கி, வேண்டிய இடத்தில் வெளுத்து, சிவப்பும் மஞ்சளும் ஏற்றி, 1883இல் பழம் திருடும் பறவைகளை அச்சிட்டார். அவருடைய தோட்டங்களில் எனக்கு மிகவும் உயிருள்ளதாகப் படுவது அதுதான், அது துணி.