எது உள்ளது, எப்படி உள்ளது: மலேசியக் கல்லூரிப் பாடமும் தமிழின் மெய்ப்பொருள் வழக்கும்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், கணக்கியல், தாதிமை என்று எதைப் படிக்கப் போனாலும் உள்நாட்டு மாணவர்கள் எழுதித் தேற வேண்டிய பொதுப்பாடம் ஒன்று இருக்கிறது. ‘ஃபல்சஃபா டான் ஈசு செமாசா’, அதாவது தத்துவமும் நடப்புச் சிக்கல்களும். 2019-இல் பொதுப்பாடங்களைத் திருத்தியமைத்தபோது, ‘தித்தாஸ்’ என்று மாணவர்கள் அழைத்துவந்த நாகரிகப் பாடம் விலகி, இது உள்ளே வந்தது. தேசியக் கல்வித் தத்துவம், நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாரா ஆகியவற்றோடு தத்துவத்துக்கு உள்ள உறவைச் சொல்லி, மனிதன் என்பவன் யார் என்று கேட்டு, அறிவாராய்ச்சி, மெய்ப்பொருளியல், அறவியல் என்னும் மூன்று பெருங்கிளைகளையும் மாணவருக்கு அறிமுகப்படுத்துவது இதன் திட்டம். பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடலுக்குத் தத்துவமே அடித்தளம் என்றும் பாடத்திட்டம் சொல்கிறது.

இதை நான் மனமார வரவேற்கிறேன். தொழிற்படிப்புக்கு மட்டுமே வாசல் திறந்து வைத்திருக்கும் ஒரு காலத்தில், ‘உண்மையில் இருப்பது எது?’ என்ற கேள்வியை எல்லா மாணவர் முன்னும் வைப்பது சிறிய காரியம் இல்லை. என் மனக்குறை வேறு. போர்ட் கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் படிக்க வரும் ஒரு தமிழ்ப் பிள்ளை, இந்தக் கேள்வி வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதிவிட்டுப் போகிறது. அதன் வீட்டு மொழியில் இதே கேள்வியை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். அந்த வழக்காட்டைக் கற்பிப்பதற்கென்றே நூல் செய்திருக்கிறார்கள். இது வகுப்பிலும் பேசப்படுவதில்லை, வீட்டிலும் பேசப்படுவதில்லை.

மெய்ப்பொருளியல் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாமாகத் திறந்து, 1972-இல் பெயர் மாறிய போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வந்து கட்டும் ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்தால் போதும். அதன் உடலில் பெயரும் பதிவுத் துறைமுகமும் எழுதியிருக்கும். அவற்றோடு ‘ஐஎம்ஓ’ என்ற மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் பொறித்திருக்கும். கப்பல் கைமாறும், பெயர் மாறும், கொடி மாறும். உலர்துறையில் ஏற்றித் தகடு மாற்றுவார்கள், எஞ்சினைக்கூட மாற்றுவார்கள். உடைத்து இரும்பாக்கும் நாள்வரை அந்த எண் மட்டும் மாறாது. 1987-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கொண்டுவந்த இந்த ஏற்பாடு 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. காப்பீட்டுக்காரருக்கும் சுங்க அதிகாரிக்கும் ‘இது அதே கப்பல்தான்’ என்று சொல்ல எண் போதும். ஆனால் எது மாறாமல் இருப்பதால் அது அதே கப்பல்?

தீசியஸின் கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதியது இதைத்தான். பலகை இற்றுப்போகப் போக மாற்றிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் இருப்பது அதே கப்பலா? 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் முடிச்சை இன்னும் இறுக்கினார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி வைத்திருந்து மறுபடி பூட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வியும் இதற்கு அக்கம்பக்கம்தான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை; உறுப்புகள் சேர்ந்த இடத்தில் நாம் வழங்கும் பெயர்தான் தேர் என்பது பௌத்தர் விடை. நியாய வைசேடிகர் இதை ஒப்பமாட்டார்கள். உறுப்புகளுக்கு மேலாக ‘அவயவி’ என்று முழுப்பொருள் ஒன்று உண்டு. ஆடையிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய ஆடை அழிந்து புதிய ஆடை பிறக்கிறது என்று அசராமல் சொல்வார்கள். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் சற்காரியவாதிகள். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. காரணத்துள் ஒடுங்கியிருந்ததே காரியமாக வெளிப்படுகிறது. தகடும் ஆணியும் வடிவம் மாறலாம். அவற்றுக்கு முதற்காரணமான மாயை நிலைத்திருக்கிறது. சித்தாந்தியின் மாயை பொய்த்தோற்றம் இல்லை, உலகத்தைச் செய்யும் கச்சாப்பொருள். இந்த ஓரிடத்தை மாணவர் பிடித்துக்கொண்டால் அத்வைதத்துக்கும் சித்தாந்தத்துக்கும் உள்ள சண்டையில் பாதி விளங்கிவிடும்.

தமிழில் இந்தப் பாடத்துக்கு முதல் வகுப்பறை மணிமேகலை. காப்பியத்தின் 27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் மாறுவேடத்தில் சமயக் கணக்கர்களிடம் போய், உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேர். முதலில் பேசுபவர் அளவைவாதி என்பதைக் கவனிக்க வேண்டும். எது உள்ளது என்று கேட்பதற்குமுன், உள்ளது என்பதை எப்படி அறிகிறோம் என்ற கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது நூல். நல்ல ஆசிரியர்கள் இன்றும் அந்த வரிசையில்தான் போவார்கள்.

கடைசியில் வரும் பூதவாதி எனக்கு மிகவும் பிடித்தவர். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது எதிலும் தனியாக இல்லாத மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. கலைந்தால் அதுவும் கலையும் என்கிறார் அவர். காட்சி ஒன்றே அளவை, அனுமானம் செல்லாது என்பதும் அவர் கட்சி. மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? வாதத்தை அவர் பிடித்த அளவையிலேயே மடக்கும் கேள்வி அது. ஆனால் உணர்வு கூட்டுப்பொருளில் விளைவது என்ற அவருடைய மற்றக் கட்சி அதனால் விழுந்துவிடவில்லை. மூளையின் செயலிலிருந்து அனுபவம் எப்படி எழுகிறது என்பதை 1995-இல் டேவிட் சால்மர்ஸ் ‘கடினமான சிக்கல்’ என்று பெயரிட்டு எழுதியதிலிருந்து உலகப் பல்கலைக்கழகங்கள் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. பூதவாதியின் வாரிசுகள் அந்த மல்லுக்கட்டில் பலமாகவே நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசீவகர்களின் சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 1951-இல் ஏ. எல். பாஷம் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதியபோது, அவர்களுடைய அணுக்கொள்கைக்கு மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய தமிழ் நூல்களைத்தான் முக்கியச் சான்றாகக் கொண்டார். மறுப்பதற்காகக் குறித்து வைத்தவர்களால் ஒரு தத்துவம் அழியாமல் மிஞ்சியது.

அந்தக் குறித்துவைக்கும் பழக்கம் உச்சிக்குப் போனது 13-ஆம் நூற்றாண்டில், அருணந்தி சிவாசாரியாரின் சித்தியாரில். பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும் அதன் பரபக்கம் உலகாயதனில் தொடங்கி, பௌத்தரில் நால்வர், சமணத்தரப்பில் இருவர், மீமாம்சகர், மாயாவாதி, சாங்கியன் என்று பாஞ்சராத்திரி வரை பதினான்கு தரப்புகளை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘மதம்’, பிறகு ‘மதமறுதலை’. எதிராளி சொல்வதை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுக்கத் தொடங்கலாம். எல்லாத் தரப்பும் தன் முழுப் பலத்தோடு வந்து நிற்கிறது என்று நான் வாதாடமாட்டேன். இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனாலும் உலகாயதனின் பாட்டுகளை வாசித்தால் ஒரு சைவர் எழுதியதா என்று ஐயம் வரும் அளவுக்கு உற்சாகமாக இருக்கின்றன.

அருணந்தியின் குரு மெய்கண்டார். அவருடைய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 அடி. மூன்றாம் சூத்திரத்தைத் தனியே எடுத்து ஒரு வகுப்பு முழுவதும் நடத்தலாம். உயிர் என்று ஒன்று உண்டா என்பது கேள்வி. இல்லை என்று மறுப்பதற்கே ஒருவன் வேண்டியிருக்கிறதே என்பது முதல் காரணம். என் உடல் என்கிறோம், ஆகவே உடலை உடைமையாகக் கொண்டவன் வேறு. ஐந்து புலனும் தனித்தனியே தருவதைச் சேர்த்து அறிபவன் ஒருவன் வேண்டும். உறக்கத்தில் ஒடுங்கியதை அறிபவன் வேண்டும். உறங்கும் உடலில் மூச்சு ஓடுகிறது, உண்ணலும் தொழிலும் இல்லை. ஆகவே மூச்சும் உயிராகாது. இப்படிக் காரணங்களை அடுக்கிக்கொண்டு போகிறார். முதல் காரணத்தைப் படிப்பவருக்கு ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று 1637-இல் டேக்கார்ட் எழுதியது நினைவுக்கு வராமல் போகாது. இருவரும் போய்ச் சேரும் இடம் வேறு. டேக்கார்ட்டுக்குத் தன்னைத் தான் அறிவது அசைக்க முடியாத தொடக்கம். மெய்கண்டாரோ, உணர்த்தினால் உணர்வது உயிர், தானாக அறியும் ஆற்றல் அதற்கு இல்லை என்று முடிக்கிறார். சார்ந்ததன் வண்ணமாகும் இந்த உயிரைச் சித்தாந்தம் சத்தும் இல்லை, அசத்தும் இல்லை, சதசத்து என்று வைக்கிறது. ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டு பெட்டிகளுக்குள் உலகத்தை அடைக்கப் பழகிய மாணவருக்கு இது நல்ல அதிர்ச்சி.

சித்தாந்தத்துக்குள்ளும் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. முத்தியில் உயிர் சிவத்துக்குச் சமமாகிறது என்ற பொருள்பட யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் சித்தியாருக்கு உரை எழுத, 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அதற்குத் தனி மறுப்பு நூலே எழுதினார். கடந்த நூற்றாண்டில் ஹவாயிலிருந்து சிவாய சுப்பிரமுனியசுவாமி திருமூலரை முன்வைத்து ஒருமைவாதம் பேச, மெய்கண்டார் மரபினர் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அனாதி என்று நின்றார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் சைவர்களில் யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்களும் உண்டு, தமிழ்நாட்டு வேர் உள்ளவர்களும் உண்டு. இந்த வழக்குகள் அவர்கள் குடும்பச் சொத்து.

இதே வழக்கு சைவத்துக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. மலாக்கா நீரிணையின் வடமேற்குக் கோடியில் ஆச்சே இருக்கிறது. ஹம்சா பன்சூரி என்ற மலாய்ச் சூஃபிக் கவிஞர் உள்ளமை ஒன்றே, படைப்பெல்லாம் அதன் வெளிப்பாடு என்று பாடினார். 1637-இல் குஜராத்திலிருந்து ஆச்சே வந்த நூருத்தீன் அல்ரானீரி, இது படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்குகிறது என்று தீர்ப்பளித்தார், நூல்கள் எரிக்கப்பட்டன. இந்த வழக்கை நம் காலத்தில் விரிவாக ஆராய்ந்தவர் சையத் முகம்மது நகிப் அல் அத்தாஸ். அவருடைய ஹம்சா பன்சூரி ஆய்வு 1970-இல் வந்தது. இஸ்லாமிய மெய்ப்பொருளியலுக்கான முன்னுரை 1995-இல். தமிழ்ச் சூஃபிகளான தக்கலை பீர்முகம்மது அப்பாவையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் படித்த தமிழருக்கு ஹம்சா அந்நியராகத் தெரியமாட்டார். ஒன்றா, இரண்டா, இரண்டும் இல்லாத ஒன்றா என்ற கேள்வியை கடலின் இரு கரையிலும் கேட்டிருக்கிறார்கள். பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடல் என்று பாடத்திட்டம் விரும்புவதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸில் நடந்தால் கட்சிக்காரர்களின் முகவரியும் கிடைக்கும். ஆன்மா இல்லை என்னும் மரபுக்குச் சிங்களப் பௌத்தர்கள் எழுப்பிய மகா விகாரை; ஒன்றே உண்டு என்பதற்கு 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம்; பதி, பசு, பாசம் மூன்றும் உண்டு என்பதற்கு ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோவில்; இல்லாமையிலிருந்து இறைவன் உலகைப் படைத்தான் என்பதற்கு ஹோலி ரோசரி தேவாலயம். ஆனால் வழக்கு நின்றுபோய்விட்டது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் பிள்ளைகள் பண்ணோடு பாடுவதைக் கேட்க நிறைவாக இருக்கிறது. அதே பிள்ளைகளிடம் சித்தாந்தச் சாத்திரம் பதினான்கும் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. பக்தி கைமாறியது, வாதம் கைமாறவில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961 முதல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டித் தமிழ் ஆய்வை உலக மேடைக்கு ஏற்றினார். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முனைவர் லோகநாதன் மெய்கண்டாரைத் தற்காலத் தத்துவ மொழியில் வாசித்துக் காட்டினார். அவருடைய சுமேரியத் தமிழ்க் கருத்துகளை ஏற்காதவர்களும் அந்த வாசிப்பை ஒதுக்கிவிட முடியாது. இருந்தும் இளங்கலை முதலாண்டு வகுப்புக்கு இவை இறங்கி வரவில்லை.

பொதுப்பாடத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே பயம், விடையை முன்னால் வைத்துக்கொண்டு கேள்வியை நடத்திவிடுவார்களோ என்பது. 1970-இல் அறிவித்த ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைநம்பிக்கை. அது ஒரு நாட்டின் உறுதிமொழி, அதை மதிக்கிறேன். ஆனால் வகுப்பறையில் பூதவாதிக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அருணந்தி போட்டார்.

சித்தாந்தத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். அறியும் இயல்புள்ள உயிரை ஆணவம் ஏன் மறைத்தது என்று கேட்டால், செம்பில் களிம்புபோல அது அனாதி, அனாதிக்குக் காரணம் கேட்கக் கூடாது என்பது விடை. அவித்தை யாருடையது என்று கேட்டால் அத்வைதியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறார். நரம்பணுக்களின் செயலோடு அனுபவம் ஏன் வருகிறது என்று கேட்டால் இன்றைய பூதவாதிகளில் சிலர், அது உலகின் அடிப்படை உண்மை, அதற்குமேல் கேட்காதே என்கிறார்கள். எந்தத் தத்துவமும் ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துவதற்கு எது நியாயம் என்பதை ஒரு செமஸ்டர் முழுவதும் விவாதிக்கலாம். சித்தியாரிலிருந்து ஒரு படலத்தை எடுத்து, வகுப்பில் பாதிப் பேர் மதத்தையும் மறுபாதி மறுதலையையும் பேசி, அடுத்த வாரம் பக்கம் மாறிப் பேசினால் போதும். மலாயில் பேசினாலும் சரி, ஆங்கிலத்தில் பேசினாலும் சரி.