நிலவேம்புக்கு எத்தனை பெயர்?

மழைக்காலம் வந்தால் கடலூர்ப் பக்கம் டெங்கு பயமும் நிலவேம்புக் குடிநீரும் சேர்ந்தே வரும். கூடவே வாட்ஸ்அப் ஃபார்வர்டும். எனக்கு வந்ததில், 33 ஆய்வுகள் நிரூபித்துவிட்டன, டெங்குவுக்கு நிலவேம்பே போதும் என்று இருந்தது. அந்த 33 எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடினேன்.

அந்த எண் பொருந்துவது 2017-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த 33 சோதனைகள், 7,175 பேர். ஆங்கில, சீனத் தரவுத்தளங்களில் 2016 மார்ச் வரை தேடியிருக்கிறார்கள்.

முதலில் பாராட்டு. சீனத் தரவுத்தளங்களுக்குப் போனது சரியான முடிவு. நிலவேம்பு நமக்கு நிலவேம்பு. வங்கத்தில் கால்மேக், சீனாவில் சுவான்சின்லியான், தாய்லாந்தில் ஃபா தலாய் ஜோன். ஸ்வீடன் மாத்திரை ஒன்றில் கலந்து 'கான் ஜாங்' என்ற பெயரிலும் விற்கிறது. ஒரு பெயரை விட்டால் அந்தப் பெயரில் வந்த சோதனையெல்லாம் போச்சு.

மருத்துவ நூலகரின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கேள்வியைத் துண்டு துண்டாக உடைப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாப் பெயர்களையும் 'அல்லது' போட்டு இணைப்பார். பிறகு துண்டுகளை 'மற்றும்' போட்டுக் கோப்பார். பப்மெட்டின் பொருள் தலைப்புகளையும், கட்டுரையாளர்கள் எழுதும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேடுவார். பிறகு இன்னொரு நூலகர் அந்தத் தேடல் வரியைச் சரிபார்ப்பார். நாங்கள் செய்யும் கோட் ரிவ்யூ மாதிரியேதான். ஒரு வித்தியாசம்: எங்கள் கோடில் பிழை இருந்தால் புரோகிராம் கத்தும். தேடலில் பிழை இருந்தால் சத்தமே வராது. கிடைக்காத கட்டுரை கிடைக்கவில்லை என்று சொல்லாது.

இனி குறைகள். ஆங்கிலமும் சீனமும் மட்டும் பார்த்தால் நம்மூர்ச் சரக்கு எங்கே? தமிழ்நாடு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் சித்த மருத்துவ எம்.டி. ஆய்வேடுகள் இருக்கின்றன. பப்மெட் ஆய்வேடுகளை எடுப்பதில்லை. அவற்றின் தரம் எப்படியோ, தேடிப் பார்த்துத் தள்ளுவது வேறு, தேடாமலே விடுவது வேறு.

அடுத்தது முக்கியம். அந்த ரிவ்யூ பார்த்தது சளி, இருமல், தொண்டைவலி, டெங்கு அல்ல. பார்த்த மருந்து பெரும்பாலும் அந்தச் செடி. நாம் குடிப்பதோ ஒன்பது சரக்கு சேர்ந்த குடிநீர். சோதனைகளின் தரம் மொத்தத்தில் மோசம் என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். ஃபார்வர்டில் இந்த மூன்றுமே இல்லை.

நூலகர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2015-இல் வந்த ஓர் ஆய்வில், நூலகர் இணையாசிரியராக இருந்த ரிவ்யூக்களில் தேடல் விவரங்கள் நன்றாக இருந்தன. அது தொடர்புதான், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்ல குழுதான் நூலகரைக் கூப்பிடுகிறதோ என்னவோ. மோசமான சோதனையை எந்த நூலகராலும் நல்லதாக்கவும் முடியாது. அவர் தரக்கூடியது, எதையும் விட்டுவிடவில்லை என்ற நம்பிக்கை.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் பிறந்த ஊர். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. இந்தப் பக்கம் அண்ணாமலைநகரில் 1985-இல் தொடங்கி இப்போது அரசு வசம் வந்துவிட்ட மருத்துவக் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற நாம்தான் நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை ஒரு ரிவ்யூவைக் காட்டி யாராவது பேசினால் முடிவுரைக்குப் போகாதீர்கள். தேடல் வரி முழுசாக இருக்கிறதா, எந்தெந்தத் தளம், எந்தத் தேதி, யார் தேடினார்கள் என்று பாருங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். சரியாகிவிட்டது, குடிநீர் போதும் என்று அந்த நாளில் வீட்டில் இருந்துவிடக் கூடாது. குடிநீர் குடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.