பட்டாளமும் அகராதியும்
ராணுவ உத்தியோகத்தை 1882-ல் உதறி, 1901-ல் கத்தோலிக்கக் குருவானவர் ஷார்ல் த ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர். 1916-ல் சஹாராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். பக்தர்கள் அவருடைய தியானக் குறிப்புகளையே எடுத்துக்காட்டுவார்கள். என் கட்சி வேறு. துவாரெக் மக்களிடையே வாழ்ந்து அவர் தொகுத்த அகராதி 1951-52-ல் நான்கு பாகங்களாக வெளிவந்தது. அவரை அறிய அதைவிட நல்ல ஆவணமில்லை. பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களில் பழைய பட்டாளத்துக்காரர் தலைகாட்டுகிறார். அகராதியிலோ, பிறர் பேச்சைப் பொறுமையாய்க் காதுகொடுத்துக் கேட்கும் மனிதர் தெரிகிறார். 1732-ல் சதுரகராதி செய்த நம் வீரமாமுனிவருக்கும் அந்தப் பொறுமை இருந்தது. உபதேசிப்பதைவிடச் சொல் சேர்ப்பதற்கு அதிகப் பணிவு வேண்டும். ஆனால் அகராதியைப் போற்றிக் கடிதங்களை ஒளித்துவைத்தால் அது ஸ்தோத்திரமாகும், சரித்திரமாகாது.