விசிறியின் கடிவாளம் யார் கையில்?

திருச்செங்கோட்டில் கோடைப் பகல் 38 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. திங்க்பேட், மேக்புக் லேப்டாப்களின் கையேடுகளோ, சுற்றிலும் 35 டிகிரிக்கு மேல் போனால் கணினியை இயக்க வேண்டாம் என்கின்றன. ஆகவே "பிராசசர் 70-க்குள் இருக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லும் விதி இங்கே எடுபடாது. விசிறி சிப்பின் சூட்டை அறைக்காற்றில்தான் கொட்டுகிறது. ஏசி போட்ட 22 டிகிரி அறையில் 65 காட்டும் பிராசசர், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் ஏறத்தாழ 81 காட்டும். அது பழுதல்ல, கணக்கு.

இன்டெலின் பெரும்பாலான லேப்டாப் சிப்புகளுக்கு உச்சவரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியே அணைந்துவிடும். சிப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் பக்கத்தில் கிடக்கும் பேட்டரியைப் பற்றித்தான். லித்தியம் பேட்டரி சூட்டில் சத்தமில்லாமல் ஆயுளை இழக்கும். பிராசசர் சூட்டைக் காட்டும் செயலி அதைச் சொல்லாது.

அப்படியானால் விசிறியை நாமே கட்டுப்படுத்தலாமா? ஆம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சில கணினிகளில் விசிறி ஓயாமல் ஏறி இறங்கி எரிச்சலூட்டும். தயாரிப்பாளர்களும் தவறுவார்கள்: 2018-இல் புதிய மேக்புக் புரோ சூடானதும் அளவுக்கு மீறி வேகம் குறைந்தது, ஃபர்ம்வேரில் குறை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு திருத்தம் தந்தது. ஆனால் லினக்ஸைப் பாருங்கள். எதையும் பயனர் கையில் கொடுக்கத் தயங்காத அந்த அமைப்பே, திங்க்பேட் விசிறிக் கட்டுப்பாட்டைப் பாதுகாப்புக் கருதி முதலில் பூட்டித்தான் வைத்திருக்கிறது. கட்டுப்படுத்தும் செயலி செயலிழந்தால் விசிறியைத் தானியங்கிக்கே திருப்பிவிட ஒரு காவல் ஏற்பாடும் அதில் உண்டு. அதன் கெடுவை அதிகபட்சம் 120 விநாடி வரை வைக்கலாம்.

இந்த ஊருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. விசைத்தறிப் பஞ்சும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி போகும் சாலைப் புழுதியும் சேர்ந்து, விசிறிக்கு அப்பால் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளில் கம்பளி போலப் படிந்துவிடும். அடைத்த வாயிலில் எந்த வேகத்தில் ஊதினால் என்ன? கூலிங் பேடுக்குக் கொடுக்கும் காசும் அப்போது வீண்தான்.

என் தீர்ப்பு: சத்தத்துக்காக விசிறியைத் தணிக்கும் செயலிகள் இங்கே வேண்டாம். சீக்கிரமே வேகமெடுக்கச் செய்யும் அமைப்பு என்றால் ஆட்சேபமில்லை, தானியங்கிக்குத் திரும்பும் வழி இருக்கும்வரை. முதலில் பின்மூடியைத் திறந்து பஞ்சை எடுக்க வேண்டும். பிறகு விண்டோஸ் மின்சார அமைப்பில் பிராசசரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 விழுக்காடாக்கினால், பெரும்பாலான இன்டெல் கணினிகளில் டர்போ எனும் கூடுதல் வேகம் நின்று சூடு சட்டென இறங்கும். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு வேகம் குறைவது தெரியும். கணக்கு எழுதுபவருக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் மாணவருக்கும் தெரியாது.