ஆட்டுக்கால் சூப்பும் ராமச்சந்திரனின் இரண்டாவது பிணைப்பும்

போன மார்கழியில் உத்தமபாளையம் வீட்டில் மிச்சமிருந்த ஆட்டுக்கால் சூப், காலையில் பார்த்தால் சட்டியோடு உறைந்து கிடந்தது. அடுப்பில் வைத்ததும் மறுபடி தண்ணியாகிவிட்டது. காரணம் கொலாஜன் என்ற புரதம். நான் பல வருஷமாக நம்பி, நாலு பேருக்கு ஃபார்வர்டும் செய்த ஒரு கதை அதைப் பற்றியதுதான்.

முதலில் சூப். கொலாஜன் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி. ஒரு இழையில் நைட்ரஜனோடு இருக்கும் ஹைட்ரஜனை அடுத்த இழையின் ஆக்சிஜன் இழுத்துப் பிடிக்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாகப் பார்த்தால் சகப்பிணைப்பில் பத்தில் ஒரு பங்கு பலம்கூட இருக்காது. வரிசையாகச் சேர்ந்தால் தசைநாரே நிற்கும். கொதிக்க வைத்தால் அவை அறுந்து இழைகள் பிரியும். அதுதான் ஜெலட்டின். ஆறும்போது அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு, நடுவில் தண்ணீரைச் சிறைபிடிக்கிறது.

இனி கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இந்த மூவிழை அமைப்பை 1954-ல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார்கள். "கிரிக் அதைத் தட்டிப் பறித்துவிட்டார்" என்று கதை முடிகிறது. பாதிதான் சரி. மூவிழை என்ற யோசனையில் முந்தியவர்கள் சென்னைக்காரர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 1955-ல் ரிச்சும் கிரிக்கும் ஒரு உருப்படியான ஆட்சேபத்தையும் வைத்தார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை மாதிரி. அப்படி வைத்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடும், ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள் அவர்கள்.

கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தை. சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் குழு வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் தோண்டி, தூரங்களைத் தொகுத்தது. அந்த அளவுகளை வைத்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு அவர் வெளியிட்ட அந்த வரைபடம்தான் ‘ராமச்சந்திரன் பிளாட்’. இன்றைக்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க அதைத்தான் எடுக்கிறார்கள்.

இரண்டாவது பிணைப்பு என்னாச்சு? 1968-ல் சந்திரசேகரனோடு சேர்ந்து அவரே மாதிரியைத் திருத்தினார்: ஒன்று நேரடிப் பிணைப்பு, மற்றது நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு வழியாக. 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு செயற்கைப் பெப்டைடின் படிக அமைப்பு வெளிவந்தது. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். கூடவே, இழைகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளின் பிணைப்பு வலையும் இருந்தது.

ஆக, எண்ணிக்கையில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது நின்றது. தண்ணீர் விஷயத்தில் ராமச்சந்திரன் போன திசை வீண்போகவில்லை. என் தொழிலில் கோட் ரிவ்யூவில் ஒருத்தர் தப்பைச் சுட்டினால் கோபம் வரும். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து எழுதுவதுதான் சில சமயம் நல்ல கோடாக அமையும். அவரை வெறுமனே ஏமாற்றப்பட்டவராகக் காட்டினால், அந்த ஆட்சேபத்துக்கு அவர் கொடுத்த பதிலே காணாமல் போகிறது. நான் ஃபார்வர்ட் செய்த நாலு பேருக்கும் இந்தப் பதிவை அனுப்பப்போகிறேன்.